சேம அச்சு

வழி அமைந்த பின் வண்டி ஓட்டுவது எளிது. வழியே இல்லாத இடத்தில் வண்டி ஓட்டுவது அரிது. நாகரிகத்தின் வரலாற்றைச் சாலைகளின் வரலாறாகக் காண்போர் பலர். அரசர்களும் ஆளுநர்களும் அமைத்த பெருவழிகளைப் பற்றிக் கல்வெட்டுகளும் ஆவணங்களும் உண்டு. ஆயின் சாலை முடியும் எல்லைக்கு அப்பால் சேற்றிலும் மணலிலும் கற்குவியலிலும் வண்டியைச் செலுத்தியோரைப் பற்றி எழுதியவர்கள் சிலரே. அத்தகைய வண்டிகளைத் தம் கையாலேயே கட்டி முடித்தோரைப் பற்றி எழுதியவர்கள் அவரினும் சிலர். அவர்களுடைய வரலாற்றின் சில பக்கங்களைப் புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இப்பொருள் புதுமையாகத் தோன்றலாம். உண்மையில் இது நமக்குப் பழைய பொருளே. புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியின் மகனாகிய பொகுட்டெழினியைப் பாடுகிறார். உப்பு வணிகராகிய உமணர் வண்டி நிறையப் பண்டம் ஏற்றிப் புறப்படுகின்றனர். பூட்டிய எருதுகள் இளையவை. நுகத்துக்கு இன்னும் பழகாதவை. வழியில் எங்கே பள்ளத்தில் இறங்க நேரும், எங்கே மேட்டில் ஏற நேரும் என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை. ஆகவே அவர்கள் வண்டியின் அடிமரத்தில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு செல்கின்றனர். அதற்குச் சேம அச்சு என்று பெயர். ஆபத்தில் உதவும் தலைவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார் புலவர்.

உவமையின் நயத்தை நாம் வகுப்பறையில் விரித்துரைக்கிறோம். அதனுள் அடங்கியுள்ள தொழில்நுட்பச் செய்தியை நின்று நோக்குவதில்லை. சேம அச்சைக் கட்டிச் சென்றவன் வழியில் அதனை மாட்டவும் அறிந்திருக்க வேண்டும். நடுக்காட்டில் அச்சு முறிந்தால் தச்சனைத் தேடி ஓட இயலாது. பண்டத்தை இறக்கி, வண்டியைத் தூக்கி நிறுத்தி, பழைய அச்சைக் கழற்றி, புதியதைப் பொருத்தும் அறிவு அவன் கையில் இருந்தாக வேண்டும். சாலையை நம்ப முடியாதவன் தன் வண்டியையும் தன் கையையுமே நம்பிப் பயணம் செய்தான். ஈராயிரம் ஆண்டுகளாகியும் இவ்விதி மாறவில்லை.

செம்மண் சடக்கு

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறை மாவட்டத்தில் அமைந்த சிற்றூர் சுங்கை பாக்காப். சிம்பாங் அம்பாட், ஜாவி, நிபோங் திபால் ஆகிய ஊர்களோடு பழைய நெடுஞ்சாலை அதனை இணைக்கிறது. 1800ஆம் ஆண்டில் கெடா சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற பிறை நிலப்பகுதி 19ஆம் நூற்றாண்டில் கரும்புக்குப் பெயர் பெற்றது. சுங்கை பாக்காப் நகரம் உருவாவதற்குக் காரணமானவர் சீன நாட்டிலிருந்து வந்த தியோச்சியூ இனத்தவரான கரும்புத் தோட்ட முதலாளி கீ லாய் ஹுவாட். சுற்றிலும் ஐரோப்பியரின் பெருந்தோட்டங்கள் இருந்தன. அவற்றில் கரும்பு வெட்டியவர்களுள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறி வந்த தமிழர் பெருந்தொகையினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு மறைந்து ரப்பர் வந்தது. பின்னர்ச் செம்பனை வந்தது. பயிர் மாறினும் மண் மாறவில்லை.

தோட்டத்துத் தமிழில் சாலைக்குச் 'சடக்கு' என்று பெயர். தார் பூசிய பெரிய சடக்கு ஒன்று. அதிலிருந்து பிரிந்து தோட்டத்துக்குள் நுழையும் செம்மண் சடக்கு மற்றொன்று. தார்ச்சடக்கை அரசு பேணியது. செம்மண் சடக்கை மழை ஆண்டது. மாரிக்காலத்தில் அது குழம்பாகும், கோடையில் புழுதியாகும். பாலையும் கொட்டைகளையும் குலைகளையும் இச்சடக்கு வழியேதான் ஆலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. முதலில் மாட்டுவண்டி, பின்னர் லாரி, அதன் பின்னர் டிராக்டர் என ஊர்திகள் மாறின. ஒவ்வொரு மாற்றத்திலும் சேற்றில் சிக்கிய சக்கரத்தை வெளியே எடுக்கும் வேலை தொழிலாளியின் தோளில் விழுந்தது. பலகை போட்டும் கல்லடுக்கியும் கயிறு கட்டி இழுத்தும் அவன் கற்ற பாடம் எந்தப் பாடநூலிலும் இடம்பெறவில்லை.

சக்கரம் ஏன் சேற்றில் சிக்குகிறது? மாணவர் இதனை விளங்கிக்கொள்ளுதல் நன்று. சாதாரண லாரியில் எஞ்சினின் ஆற்றல் பின்சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. பின்னச்சின் நடுவே டிஃபரன்ஷியல் எனப்படும் பற்சக்கரப் பெட்டி உள்ளது. வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் மிகுதியாகவும் உட்சக்கரம் குறைவாகவும் சுழல வேண்டும் என்பதற்காக அமைந்த ஏற்பாடு அது. நல்ல சாலையில் இது பெருநன்மை. சேற்றிலோ இதுவே தீமையாகிறது. ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்கினால் ஆற்றல் வீணே அதன் வழியாக ஓடிவிடுகிறது. வழுக்கும் சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும். உறுதியான தரையிலுள்ள சக்கரம் அசையாது நிற்கும். கரடுமுரடான நிலத்தில் ஓடும் வண்டியைக் கட்ட முயன்றோர் அனைவரும் இச்சிக்கலைத்தான் எதிர்கொண்டனர். நான்கு சக்கரங்களுக்கும் ஆற்றலைப் பகிர்தல், டிஃபரன்ஷியலைத் தேவையானபோது பூட்டுதல், மிகத் தாழ்ந்த கியரில் மெல்ல ஊர்தல், வண்டியின் வயிற்றைத் தரையினின்று உயர்த்துதல் ஆகிய நான்குமே அவர்கள் கண்ட வழிகள்.

கொல்லன் பட்டறையிலிருந்து போர்க்களம் வரை

நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியைப் பெருந்தொழிற்சாலைகளே தோற்றுவித்தன என்று நாம் எண்ணிவிடுகிறோம். வரலாறு வேறு கதை கூறுகிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கிளின்டன்வில் என்னும் சிற்றூரில் ஆட்டோ சாக்கோவ், வில்லியம் பெசர்டிக் என்னும் இருவர் சிறு பட்டறை நடத்தி வந்தனர். இருவரும் மைத்துனர் முறையினர். திரும்பும் முன்சக்கரத்துக்கும் தடையின்றி ஆற்றலைச் செலுத்தும் மூட்டு ஒன்றை உருவாக்கி 1908இல் காப்புரிமை பெற்றனர். அம்மூட்டைக் கொண்டு தம் பட்டறையிலேயே ஒரு வண்டியையும் கட்டினர். அதிலிருந்து பிறந்த தொழிலகத்தின் சரக்கு வண்டிகள் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கில் போர்முனைக்குச் சென்றன. சிற்றூர்ப் பட்டறை ஒன்றில் எழுந்த வினாவுக்கான விடை போரின் போக்குவரத்தையே மாற்றியது எனலாம்.

இரண்டாம் உலகப் போர் இவ்வகை வண்டிகளை உலகெங்கும் பரப்பியது. 1940ஆம் ஆண்டு அமெரிக்கப் படை ஓர் இலகுவான வேவு வண்டியைக் கேட்டது. முதல் மாதிரியை ஒப்படைக்க அது விதித்த கெடு 49 நாள்கள். பான்டம் என்னும் சிறு நிறுவனத்துக்காகக் கார்ல் புரோப்ஸ்ட் என்னும் பொறியாளர் வரைபடம் தீட்டினார். 1940 செப்டம்பர் 23ஆம் நாள் முதல் வண்டி படையினரிடம் சேர்ந்தது. அதுவே ஜீப்பின் மூதாதை. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெருநிறுவனங்கள் போர் முடிவதற்குள் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து குவித்தன. இரண்டரை டன் சுமக்கும் ஜி.எம்.சி. லாரிகள் ஐந்து இலட்சத்துக்கும் மேல் வெளிவந்தன. போர் 1945இல் முடிந்தது. படைகள் கலைந்தன, வண்டிகள் தங்கின.

அவ்வாறு தங்கிய ஒரு ஜீப்பிலிருந்துதான் இங்கிலாந்தின் லேண்ட் ரோவரும் பிறந்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளரான மாரிஸ் வில்க்ஸ் ஆங்கில்சித் தீவிலிருந்த தம் பண்ணையில் பழைய படை ஜீப் ஒன்றைப் பயன்படுத்தி வந்தார். அது தேய்ந்தால் மாற்றாக எதை வாங்குவது என்ற கேள்வி எழுந்தது. 1947இல் ஜீப்பின் சட்டகத்தையே அடிப்படையாகக் கொண்டு ஒரு மாதிரி வண்டி கட்டப்பட்டது. போருக்குப் பின் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு இருந்தமையால் அலுமினியக் கலவைத் தகடுகளால் உடற்பகுதி அமைக்கப்பட்டது. 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது உலகின் பார்வைக்கு வந்தது. தட்டுப்பாட்டுக் காலத்துக் கைவேலையாகத் தொடங்கிய அவ்வண்டியின் வழித்தோன்றல்கள் 2016 சனவரி வரை தொடர்ந்து உற்பத்தியாயின.

செருமனியில் 1946இல் முதல் மாதிரி கண்ட யூனிமாக் என்னும் வண்டியின் கதையும் இத்தகையதே. அதன் இரு சக்கரங்களுக்கு இடைப்பட்ட அகலம் உருளைக்கிழங்குப் பாத்திகள் இரண்டின் அகலத்துக்கு ஒப்ப அமைக்கப்பட்டது. தோல்வியுற்ற நாட்டில், உழவனின் தேவையை அளவுகோலாகக் கொண்டு ஒரு வண்டி எழுந்தது. தேவையுள்ளவன் தன் தேவைக்கேற்ப வண்டியைக் கட்டிக்கொள்கிறான் என்பதற்கு இவையெல்லாம் சான்றுகள்.

மலையின் அரசன்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயப் படை மலாயாவுக்குத் திரும்பியது. அதனோடு வந்த வண்டிகளுள் பல, காலப்போக்கில் படைக்கு வேண்டாதவையாகி விற்பனைக்கு வந்தன. 1948 சூன் மாதத்தில் அவசரகாலம் பிறந்தது. 1960 சூலை வரை அது நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டத் துரைமாரும் சுரங்க நிருவாகிகளும் தாக்குதலுக்கு அஞ்சித் தம் வண்டிகளுக்கு இரும்புத் தகடுகளைப் பூட்டிக்கொண்டனர். தகடுகளை வெட்டியும் பற்றவைத்தும் பொருத்தியவை உள்ளூர்ப் பட்டறைகள். தகட்டின் எடையால் வில்தகடுகள் வளைந்தன, எஞ்சின்கள் திணறின. அவற்றைத் தாங்கச் செய்வதும் பட்டறைக்காரரின் பொறுப்பாயிற்று. துரையின் பெயர் வரலாற்றில் நின்றது. தகடு பூட்டிய கையின் பெயர் நிற்கவில்லை.

மலாயாவின் காடுகளில் மற்றொரு வண்டி வளர்ந்தது. அதன் பெயர் சான் தாய் வோங். கண்டோனியச் சீனத்தில் 'மலையின் அரசன்' என்பது பொருள். வனத்துறை நூல்களிலும் இப்பெயரே வழங்கக் காணலாம். போர்க்காலத்துப் படை லாரிகளை வாங்கி, அவற்றின் மேற்கூட்டைக் கழற்றி, சட்டகத்தை வலுப்படுத்தி, ஓட்டுநருக்குப் பின்னே விஞ்சு எனப்படும் இழுவைப் பொறியைப் பொருத்தி உருவாக்கிய மரலாரி அது. எந்த நாட்டுத் தொழிற்சாலையிலிருந்தும் அது முழுவடிவில் இறக்குமதியாகவில்லை. உள்ளூர்ச் சீனப் பட்டறைகளில் ஒவ்வொன்றாகக் கையால் கட்டப்பட்டது. ஆகவே ஒன்றுபோல் மற்றொன்று இருப்பதில்லை.

அதன் வேலைமுறை அறியத்தக்கது. வெட்டி வீழ்த்திய மரத்தைச் சங்கிலிச் சக்கர டிராக்டர் காட்டினுள்ளிருந்து இழுத்து வந்து தடத்தோரம் சேர்க்கும். சான் தாய் வோங் தன் இழுவைப் பொறியின் கம்பி வடத்தால் அம்மரத்தைத் தன் முதுகின்மேல் ஏற்றிக்கொள்ளும். பின்னர்ச் செங்குத்தான சேற்றுத் தடத்தில் ஊர்ந்து, 'மாத்தாவ்' என்று மலாயில் வழங்கும் மரத்தளத்தில் கொண்டுபோய் இறக்கும். அங்கிருந்து சாலையில் ஓடும் லாரிகள் அறுவை ஆலைக்கு எடுத்துச் செல்லும். அதாவது, சாலை தொடங்கும் இடம் வரையில் வேலை செய்வதற்கென்றே பிறந்த வண்டி அது.

பழைய படை லாரியை ஏன் தேர்ந்தெடுத்தனர்? எல்லாச் சக்கரங்களும் உந்தும் திறன் முதற்காரணம். தடித்த சட்டகமும் எளிய அமைப்பும் இரண்டாவது காரணம். மின்னணுக் கருவிகள் எவையும் இல்லை. சுத்தியலும் திருகியும் பற்றவைக்கும் கருவியும் இருந்தால் காட்டிலேயே பழுது நீக்கலாம். ஒரே வகை வண்டிகள் ஏராளமாக வந்தமையால், ஒன்று பழுதுற்றால் மற்றொன்றின் உறுப்புகள் அதற்கு உதவின. மூல எஞ்சின் தேய்ந்தபோது வேறு லாரியின் டீசல் எஞ்சினை மாட்டினர். உமணரின் வண்டி ஓர் அச்சைச் சுமந்து சென்றது. மலையின் அரசனுக்கோ பழைய இரும்புக் கடை முழுவதுமே சேம அச்சாயிற்று.

ஈண்டு ஓர் உண்மையை ஒளிவுமறைவின்றிக் கூறுதல் வேண்டும். இக்கலையைத் தமிழர் கலை என்று உரிமை கொண்டாடுதல் பொருந்தாது. சான் தாய் வோங்கைக் கட்டிய பெருமை பெரும்பாலும் சீனப் பட்டறைக்காரரையே சாரும். நம்மவர் தோட்டத்தில் லாரி ஓட்டுநராகவும், கிளீனராகவும், பட்டறையில் பழுது நீக்குவோராகவும் இருந்து கற்றனர். அடுத்த வீட்டான் செய்த அருஞ்செயலைப் போற்றுவதும் வரலாறு எழுதுவோன் கடமையே. மொழியால் வேறுபட்ட தொழிலாளர் ஒரே எஞ்சினின் முன் குனிந்து நின்று, கண்ணாலும் கையாலும் கற்றுக்கொண்டதை மலேசிய வாழ்வின் ஒரு நற்காட்சியாக நாம் கொள்ளலாம்.

இன்னொரு பக்கத்தையும் மறைத்தலாகாது. மலையின் அரசன் சுமந்து வந்தது நம் காட்டை. அதன் சக்கரம் உழுத தடங்களில் மழைநீர் ஓடி மண்ணை அரித்தது, ஆறுகள் கலங்கின. கட்டியவனின் திறமையைப் போற்றும்போதே, அத்திறமை எதற்குப் பயன்பட்டது என்ற கேள்வியையும் கேட்டாக வேண்டும். கருவி குற்றமற்றது என்று கூறித் தப்பிக்க இயலாது. எனினும் ஒரு வரலாற்றுப் பொருளை, அது செய்த தீமைக்காகவே மறந்துவிடுவதும் முறையாகாது.

கழற்றிப் பார்த்துக் கற்றவர்கள்

கழற்றிப் பார்த்துக் கற்றல் என்னும் முறைக்குத் தமிழுலகில் சிறந்த எடுத்துக்காட்டு கோயம்புத்தூர் ஜி. டி. நாயுடு. 1893இல் கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த அவர் பள்ளிக்கல்வியில் நெடுந்தூரம் செல்லவில்லை. ஊருக்கு வந்த ஆங்கில அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். கோவையில் உணவு விடுதிப் பணியாளராக உழைத்துப் பணம் சேர்த்து அதனையே வாங்கினார். வாங்கியவுடன் ஓட்டி மகிழ்வதோடு நில்லாமல், அதனை உறுப்பு உறுப்பாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார். 1920இல் ஒரே பேருந்துடன் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டுநராகத் தொழில் தொடங்கினார். பின்னாளில் பெரும் போக்குவரத்து நிறுவனமும் இயந்திரத் தொழிலகங்களும் கண்டார். 1974இல் அவர் மறைந்தபோது தமிழகம் ஒரு பெரும் அறிவியல் மேதையை இழந்தது. அவருடைய முதற் பள்ளி கழற்றிப் போட்ட அந்த மோட்டார் சைக்கிளே.

தேவை நெருக்கினால் ஒரு சமுதாயமே பட்டறையாகும் என்பதற்கு யாழ்ப்பாணம் சான்று. 1990க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. மக்கள் பழைய ஆஸ்டின், மோரிஸ் மைனர் கார்களைக் கைவிடவில்லை. கார்புரேட்டரில் சில துளி பெட்ரோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகை மிகுந்தது, எஞ்சின் விரைவில் கரி பிடித்தது. ஆயினும் நோயாளிகள் மருத்துவமனை சேர்ந்தனர், பிணங்கள் சுடுகாடு சேர்ந்தன, திருமணங்கள் நடந்தன. 1940களிலும் 1950களிலும் வடிவமைத்த எளிய எஞ்சினும் அதனைத் திறந்து பார்க்கத் தெரிந்த கையும் சேர்ந்து ஒரு மக்களின் நடமாட்டத்தைக் காத்தன. மூடி முத்திரையிட்ட இக்காலத்து எஞ்சின்களைக் கொண்டு இதைச் செய்திருக்க இயலுமா என்பது எண்ணத்தக்கது.

வீட்டு முற்றத்தில் ஒரு வண்டி

காட்டிலும் பண்ணையிலும் போர்க்களத்திலும் நடந்த இவ்வேலை இக்காலத்தில் வீட்டு முற்றத்துக்கும் வந்துள்ளது. பழைய லாரியையோ ஜீப்பையோ வாங்கி, ஓய்வு நாள்களில் சிறிது சிறிதாகப் பிரித்து, பல ஆண்டுகள் உழைத்துக் காட்டுவழி வண்டியாகக் கட்டுவோர் உலகெங்கும் உளர். மலேசியாவிலும் இதற்கென ஆர்வலர் கூட்டம் உண்டு. 1993இல் கேமல் டிராபி என்னும் உலகப் பயணப் போட்டி சபா மாநிலக் காடுகளில் நடந்தது. 1997இல் லூயிஸ் வீ என்பவர் மழைக்காடு அறைகூவல் என்னும் போட்டியைத் தொடங்கினார். வேண்டுமென்றே பருவமழைக் காலத்தில் நடத்தப்படும் போட்டி அது. தோட்டத் தொழிலாளி தவிர்க்க விரும்பிய சேற்றைத் தேடிச் செல்லும் காலமும் வந்துவிட்டது.

இவ்வேலையில் இறங்குவோன் முதலில் கற்பது பொறுமை. முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்திய வண்டியை அடிச்சட்டகம் வரை பிரிக்க வேண்டும். நம் நாட்டின் ஈரக்காற்றில், அதிலும் கடலோர மாநிலத்தில், இரும்பின் முதற்பகை துரு. வண்ணப்பூச்சின் கீழ் மறைந்திருக்கும் துருவைச் சுரண்டிய பின்னரே சட்டகத்தின் உண்மை நிலை தெரியும். அதன் பின் அச்சுகள், வில்தகடுகள், நிறுத்தி, திசைதிருப்பி எனக் கீழிருந்து மேலாகச் செல்ல வேண்டும். எஞ்சின், கியர் பெட்டி, முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் ஆற்றலைப் பகிரும் துணைப்பெட்டி ஆகியவை அடுத்த நிலை. மின்கம்பியும் உடற்கூடும் வண்ணமும் இறுதி நிலை. தொடக்கத்திலேயே வண்ணம் பூசுவோன் வேலையை முடிப்பதில்லை.

அடுத்துக் கற்பது அளவு. இழுவைப் பொறி, பெரிய சக்கரம், கூடுதல் எண்ணெய்க் கலம், கூரைமேல் பெட்டி, படுக்கை என ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சேர்க்க வண்டி கனக்கும். தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் சிறிய பாரமே. மயிற்பீலியேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில் கூறிய கருத்து இங்கே எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது. அரசியலுக்கு உவமையாக நாம் கற்பிக்கும் குறளை, வண்டி கட்டுவோன் அச்சு முறிந்த அன்று நேரே உணர்கிறான். பெரிய சக்கரம் மாட்டினால் நிறுத்தியின் ஆற்றல் போதாமற் போகும். வண்டியை உயர்த்தினால் அது கவிழும் வாய்ப்பும் உயரும். ஒரு நன்மையைக் கூட்டினால் வேறோரிடத்தில் அதன் விலையைக் கொடுத்தாக வேண்டும்.

மூன்றாவது பாடம் சட்டம். 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற வண்டியின் அமைப்பைத் தன் விருப்பம்போல் மாற்றிச் சாலையில் ஓட்ட இயலாது. எஞ்சின் எண்ணும் சட்டக எண்ணும் ஆவணத்தோடு ஒத்திருக்க வேண்டும். மாற்றங்களுக்கு ஒப்புதல் வேண்டும். பரிசோதனையில் தேற வேண்டும். காட்டுக்குள்ளேயே வாழ்ந்த மலையின் அரசனுக்கு இத்தொல்லை குறைவு. வீட்டிலிருந்து காட்டுக்குச் செல்லும் வண்டியோ பொதுச்சாலை வழியேதான் சென்றாக வேண்டும். அச்சாலையில் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கின்றனர். ஆகவே இதனை வீண் தடையாகக் கருதுதல் தவறு.

இத்தனை இடர்ப்பாட்டுக்கும் பணச்செலவுக்கும் ஈடாகக் கிடைப்பது யாது? கடையில் வாங்கும் வண்டி எளிதாகவும் விரைவாகவும் கிடைக்குமே என்று கேட்போர் உண்டு. அவர்கள் கேள்வி நியாயமானதே. தன் கையால் கட்டிய வண்டி காட்டில் நின்றுவிட்டால், அது ஏன் நின்றது என்பதைக் கட்டியவன் அறிவான். ஒவ்வொரு திருகாணியையும் அவன் கை தொட்டிருக்கிறது. வாங்கியவனுக்குக் கிடைப்பது வண்டி. கட்டியவனுக்கு வண்டியோடு அதைப் பற்றிய அறிவும் கிடைக்கிறது. அவ்வறிவைக் களவாட முடியாது. தவணை தவறினால் பறிமுதல் செய்யவும் முடியாது.

எழுதப்படாத பக்கங்கள்

கிளின்டன்வில் கொல்லர்களின் பெயர் நமக்குத் தெரிகிறது. அவர்கள் காப்புரிமை பெற்றார்கள், எழுத்தில் நின்றார்கள். மாரிஸ் வில்க்ஸின் பெயர் தெரிகிறது; நிறுவன வரலாறு அவரைக் காத்தது. மலையின் அரசனை முதன்முதலில் கட்டியவன் பெயர் எது? தோட்டத்துப் பட்டறையில் முறிந்த அச்சைப் பற்றவைத்து, மறுநாள் காலை பால் லாரியை ஓடச் செய்தவன் பெயர் எது? அவர்களுடைய திறமை வரைபடமாகவும் நூலாகவும் மாறவில்லை. மகனுக்கோ உடன் வேலை செய்த இளைஞனுக்கோ கைமாறி வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது அக்கைமாற்றமும் அறுந்தது. வண்டியோடு சேர்ந்து சொற்களும் போகின்றன. பட்டறையில் வழங்கிய தமிழ்ப் பெயர்களும், மலாயிலிருந்தும் சீனத்திலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் வந்து தமிழன் நாவில் உருமாறிய பெயர்களும் பேசுவோர் மறைந்தால் உடன் மறையும். அவை எந்த அகராதியிலும் ஏறவில்லை.

நம் வரலாற்று நூல்கள் தோட்டத் தமிழனைப் பெரும்பாலும் துன்புற்றவனாகவே காட்டுகின்றன. அத்துன்பம் உண்மை, அதனை மறைக்க வேண்டும் என்று எவரும் கூறார். எனினும் அவன் துன்புற்றவன் மட்டுமல்லன். அவன் அறிந்தவன், செய்தவன், சிந்தித்தவன். வழுக்கும் சடக்கில் எந்தச் சக்கரத்தின் கீழ்ப் பலகை இட வேண்டும் என்பதை அறிந்தவனிடம் இயந்திரவியல் இருந்தது. அவ்வறிவை அறிவென்று ஏற்காமல் விட்டதனால், அவன் பிள்ளைகளே அதனைத் தாழ்வான வேலையாகக் கருதினர். தேர்வில் வெல்பவன் அறிவாளி, பட்டறைக்குச் செல்பவன் படிக்காதவன் என்ற பிரிவினையை நம் வகுப்பறைகளும் வளர்த்துவிட்டன. இக்குறையில் ஆசிரியர்களாகிய நமக்கும் பங்குண்டு.

இதனைச் சரிசெய்யும் வழி அரிதன்று. சுங்கை பாக்காப் வட்டாரத்திலும் அதுபோன்ற ஊர்களிலும் முன்னாள் லாரி ஓட்டுநர்கள், டிராக்டர் ஓட்டுநர்கள், பட்டறைத் தொழிலாளர்கள் இன்றும் வாழ்கின்றனர். கட்டுரைப் பயிற்சிக்குத் தலைப்புத் தேடும் ஆசிரியர், தம் மாணவரை அத்தகைய தாத்தா ஒருவரிடம் அனுப்பலாம். வண்டி சேற்றில் சிக்கினால் என்ன செய்தீர்கள், அச்சு முறிந்தால் யார் சரிசெய்தார், இந்த உறுப்புக்கு நீங்கள் வழங்கிய பெயர் என்ன என்று கேட்டு எழுதி வரச் செய்யலாம். ஒரு குறிப்பேடும் ஒரு மாலைப்பொழுதும் போதும். புறநானூற்றின் 102ஆம் பாட்டைக் கற்பிக்கும் நாளில் அக்குறிப்பேட்டையும் வகுப்பில் படித்தால், பாட்டும் வாழும், தாத்தாவும் வாழ்வார்.

இளைய எருதுகள் இன்றும் நுகம் பழகாதவையே. முன்னே பள்ளமா மேடா என்பதை இன்றும் எவரும் அறியார். எண்ணெய் தட்டுப்படும் நாளும், உறுப்பு வராத நாளும், சாலை உடையும் நாளும் எந்தச் சமுதாயத்துக்கும் வரக்கூடும். அந்நாளில் திறந்து பார்க்கவும் பொருத்தவும் அறிந்த கைகளே நமக்குச் சேம அச்சு. அதனை அடிமரத்தில் இறுகக் கட்டிக்கொண்டு பயணம் தொடர்வது நம் கடமையாகும்.